கர்ப்பம், எச்ஐவி, காசநோய்த் தடுப்பு மாத்திரை: இப்போதே போடலாமா, பிரசவம் ஆகட்டுமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சிங்கப்பூரில் எச்ஐவி கிருமியோடு வாழும் கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறோம். இவை காசநோய் வராமல் தடுக்கும் மருந்து பற்றிய பதில்கள் என்பதை மனத்தில் வையுங்கள். நோயே வந்துவிட்டவர்களுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. கர்ப்பமோ இல்லையோ, அவர்களுக்கு முழுச் சிகிச்சை உடனே தொடங்க வேண்டும்.

எனக்கு 22 வாரம். நான்கு ஆண்டுகளாக எச்ஐவி மருந்து சாப்பிடுகிறேன். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் உறங்குநிலைக் காசநோய், அதாவது கிருமி உடம்பில் இருந்தும் நோயாக வெளிப்படாத நிலை, இருப்பதாகப் பரிசோதனை சொல்கிறது. ஐசோனியசிட் என்ற காசநோய்த் தடுப்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம் என்கிறார் என் மருத்துவர். சென்னையில் இதே நிலையில் இருக்கும் என் தோழிக்கு ஐந்தாம் மாதத்திலேயே கொடுத்துவிட்டார்கள். யார் செய்வது சரி? – உட்லண்ட்ஸ் வாசகி

இரண்டு மருத்துவர்களும் தவறு செய்யவில்லை. ஒரே ஆய்வைப் படித்துவிட்டு, ஊர் நிலவரத்தை வைத்து வேறுவேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வு 2019இல் வெளியானது. இந்தியா, தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா உட்பட 8 நாடுகளில், எச்ஐவி உள்ள 956 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 14 முதல் 34 வாரத்துக்குள் ஐசோனியசிட் தொடங்கி 28 வாரம் சாப்பிட்டார்கள். மற்றப் பிரிவினர் அதே மருந்தைக் குழந்தை பிறந்து 12 வாரம் கழித்துத் தொடங்கினார்கள். தாய்க்கு மருந்தினால் வந்த கடுமையான பாதிப்புகள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். காசநோய் வந்தவர்களும் பிரிவுக்கு மூவர்தான். ஆனால் கருச்சிதைவு, இறந்து பிறத்தல், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிறவிக் குறைபாடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்தில் சாப்பிட்டவர்களில் 23.6 விழுக்காட்டினருக்கும் ஒத்திவைத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் அப்படி ஏதாவது ஒன்று நேர்ந்திருந்தது.

ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. தென்னாப்பிரிக்காவில் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்தக் கெடுதல் தென்படவில்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பிரசவம் நன்றாகவே முடிந்திருந்தது. ஆனால் பதிவேட்டு ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. தவறாமல் மருத்துவரிடம் வருகிற, கர்ப்பம் நல்லபடி நீடிக்கிற பெண்களுக்குத்தான் தடுப்பு மருந்து கொடுபடும் வாய்ப்பும் அதிகம். அதனால் மருந்து நல்லது செய்ததா, நல்ல நிலையில் இருந்தவர்களுக்கு மருந்து கிடைத்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். குலுக்கல் ஆய்வின் எச்சரிக்கையை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுப்பு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காசநோய் தெருவுக்குத் தெரு இருக்கிற நாடுகளில் அது நியாயமான அறிவுரைதான். அங்கே ஆறு மாதம் காத்திருப்பதும் ஆபத்து. அமெரிக்க வழிகாட்டுதலோ, எச்ஐவி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், காசநோயாளியோடு ஒரே வீட்டில் இல்லாதவர் என்றால் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம் என்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு இரண்டாவதே பொருந்துகிறது. கிருமி கட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் காசநோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். ஒத்திவைப்பது என்றால் தேதி குறித்து ஒத்திவைக்க வேண்டும். மகப்பேற்றுப் பிரிவு ஓர் இடம், எச்ஐவி சிகிச்சை இன்னோர் இடம், குழந்தையின் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் என்று நீங்கள் அலையும்போது ‘பிறகு பார்க்கலாம்’ என்ற மாத்திரை யார் பொறுப்பும் இல்லாமல் காணாமல் போய்விடும். பிரசவம் முடிந்த ஆறு மாதங்களில் காசநோய் வெளிப்படும் வாய்ப்பு மற்ற சமயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே வீடு திரும்பும் முன்பே, 12ஆம் வாரத்தையொட்டி ஐசோனியசிட் தொடங்குவதற்கான சந்திப்பு நாளை வாங்கிவிடுங்கள். இடையில் இருமலோ காய்ச்சலோ வந்தால் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

நானும் எச்ஐவி மருந்து சாப்பிடும் கர்ப்பிணிதான், 18 வாரம். எங்களுடன் வசிக்கும் மாமியாருக்குச் சளியில் காசநோய்க் கிருமி என்று போன வாரம் தெரிந்தது. வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு எச்ஐவி இருப்பது கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன செய்வது? – ஈசூன் வாசகி

முந்தைய கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. எச்ஐவி உள்ளவர் சளியில் கிருமி உள்ளவரோடு ஒரே வீட்டில் இருந்திருந்தால் கர்ப்பத்திலேயே தடுப்பு மருந்து தொடங்குவதுதான் வழக்கம். முதலில் உங்களுக்கே நோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பரிசோதனைக்குப் போகும்போது அங்குள்ள மருத்துவரிடம் அல்லது தாதியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, எச்ஐவி பற்றியும் கர்ப்பம் பற்றியும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? உங்களை மற்ற உறவினர்களைப் போலவே நடத்துவார்கள். ரத்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் மருந்தில்லாமல் அனுப்பிவிடுவார்கள், அல்லது கிருமி தொற்றியது தெரியவர எட்டு வாரம்வரை ஆகலாம் என்பதால் மறுபடி வரச் சொல்வார்கள். எச்ஐவி உள்ள நெருங்கிய தொடர்பாளருக்கு அந்த முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பரிசோதனை ‘இல்லை’ என்றாலும் தடுப்பு மருந்து உண்டு.

ரகசியம் பற்றிய கவலை புரிகிறது. எச்ஐவி உள்ளவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று தொற்றுநோய்ச் சட்டமே சொல்கிறது. மாமியாரின் கோப்பில் உங்கள் விவரம் ஏறாது. ஐசோனியசிட் மாத்திரை வீட்டில் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. காசநோயாளி உள்ள வீடுகளில் எச்ஐவி இல்லாத பலரும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்கள்.

மாமியாரின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற பரிசோதனை முடிவையும் உங்கள் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி என்றால் நீங்கள் ஐசோனியசிட் சாப்பிட்டுப் பயனில்லை. அதுவரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அவர் தனி அறையில் படுக்கட்டும். மருந்து அவருக்கு வேலை செய்யத் தொடங்கும்வரை அருகில் போகும்போது இருவரும் முகக்கவசம் அணியுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. இந்த நோய் காற்றில் பரவுகிறது, பாத்திரத்தில் அல்ல.

கர்ப்பத்தில் மார்பு எக்ஸ்ரே எடுக்கலாமா? இருமல் இல்லையே, அது எதற்கு? – தோ பாயோ வாசகி

எடுக்கலாம். மார்பு எக்ஸ்ரேயில் கருவைச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கு மேல் போகாது. கருவுக்குக் கெடுதல் வருமோ என்று யோசிக்கத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. அதாவது குறைந்தது 5,000 மடங்கு இடைவெளி.

எதற்கு என்றால், நோய் மறைந்திருக்கையில் தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தால் ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிப்போய், பிறகு அது அடங்காது. வழக்கமாக நான்கு கேள்விகள் கேட்பார்கள்: இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல். கர்ப்பிணியிடம் இந்த நான்கும் ஏமாற்றும். சோர்வும் வியர்வையும் கர்ப்பத்திலேயே உண்டு. எடையோ குறையாது, ஏற வேண்டிய அளவு ஏறாமல் நிற்கும். அதனால்தான் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சளியையும் அனுப்புவார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு குறை உண்டு. கர்ப்பத்திலும், நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும்போதும், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்றோ ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்றோ வரலாம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனையும் கர்ப்பத்தில் பாதுகாப்பானதே. எச்ஐவி உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் தடித்தாலே ‘உண்டு’ என்று எடுத்துக்கொள்வார்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு மான்டூ வீணாகத் தடிக்கலாம். ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பமில்லை.

கர்ப்பப் பரிசோதனையில்தான் எச்ஐவி தெரிந்தது. 13 வாரம், சிடி4 160. எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகத் தொடங்கலாமா? – ஜூரோங் வாசகி

எச்ஐவி மருந்துதான் முதலில், அதுவும் இன்றே. குழந்தைக்குத் தொற்றாமல் தடுப்பதும் அதுதான், காசநோயிலிருந்து உங்களைக் காப்பதில் பெரும்பங்கும் அதற்கே. சிடி4 200க்குக் கீழ் இருப்பதால், வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேரும். இதோடு ஐசோனியசிட்டும் ஒரே நாளில் தொடங்கினால், தோலில் தடிப்போ கல்லீரலில் மாற்றமோ வரும்போது எந்த மாத்திரையை நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும். சில வார இடைவெளி விடுவது அதற்காகத்தான். அதே நேரம், சிடி4 இவ்வளவு குறைந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிரசவம் வரை ஒத்திவைக்கும் வாதம் உங்கள் விஷயத்தில் பலவீனமானது. இதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். எச்ஐவி மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும்போது மறைந்திருந்த காசநோய் திடீரென வெளியே வரலாம். புதுக் காய்ச்சலையும் கழுத்தில் தோன்றும் கட்டியையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

காலையில் எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிர், இரும்புச்சத்து, கால்சியம், இப்போது ஐசோனியசிட்டும் விட்டமின் பி6ம். எதை எப்போது சாப்பிடுவது? – செங்காங் வாசகி

கேட்டது நல்லது. இந்த மாத்திரைகளில் சில ஒன்றை ஒன்று கெடுக்கும்.

டோலுடெக்ராவிர் வெறும் வயிற்றில் இரும்போடோ கால்சியத்தோடோ சேர்ந்தால் குடலில் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் ஏறாமல் போய்விடும். கிருமி எண்ணிக்கை மறுபடி ஏற அதுவே காரணமாகலாம். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்தத் தடை நீங்கும். இல்லையென்றால் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். ஐசோனியசிட்டுக்கு நேர்மாறாக வெறும் வயிறு வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின்.

இப்படி வைத்துக்கொள்ளலாம். எழுந்ததும் ஐசோனியசிட், பி6. ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறும்போது டோலுடெக்ராவிர், கூடவே இரும்பு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு, ஏனென்றால் அது இரும்பையும் உறிஞ்ச விடாது. காலையில் குமட்டல் தாங்கவில்லை என்றால் ஐசோனியசிட்டை இரவு படுக்கும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் போதும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அமிலமுறிப்பான் மருந்து டோலுடெக்ராவிர், ஐசோனியசிட் இரண்டையும் கெடுக்கும். மருந்தாளரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஐசோனியசிட் அளவு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதிகபட்சம் நாளுக்கு 300 மில்லிகிராம், பொதுவாக 6 மாதம். சில மருத்துவர்கள் 9 மாதம் கொடுப்பார்கள். பி6 பெரும்பாலும் 25 மில்லிகிராம். கர்ப்பகால விட்டமின் மாத்திரையில் ஏற்கெனவே பி6 இருக்கிறதே என்று இதை விட்டுவிடக்கூடாது. அதிலுள்ள அளவு பெரும்பாலும் போதாது. கர்ப்பமும் எச்ஐவியும் தனித்தனியாகவே நரம்பைப் பலவீனமாக்கும், ஐசோனியசிட் அதோடு சேர்கிறது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் சொல்லுங்கள்.

சமையலறைக்கு ஒரு குறிப்பு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் கொஞ்சம் பழையதாக இருந்தாலும், ஐசோனியசிட் சாப்பிடுகிறவருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, நெஞ்சு படபடக்கும். மீனில் சேரும் ஹிஸ்டமினை உடல் சிதைக்க விடாமல் மருந்து தடுப்பதே காரணம். நாள்பட்ட பாலாடைக்கட்டியும் அப்படியே. புது மீனாகப் பார்த்து வாங்குங்கள், மாசிக் கருவாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

வாரம் ஒரு முறை, மூன்றே மாதம் என்று ஒரு மருந்து இருக்கிறதாமே. மனைவிக்கு அதைக் கொடுக்கக்கூடாதா? – கிளமென்டி வாசகர்

ரிஃபாபென்டினும் ஐசோனியசிட்டும் சேர்ந்த 12 வேளை மருந்தைச் சொல்கிறீர்கள். கர்ப்பமில்லாதவர்களுக்கு நல்ல மருந்து. கர்ப்பிணிகளில், எச்ஐவி உள்ளவர்களையும் சேர்த்து, 50 பேரிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மருந்தால் கடுமையான பாதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் குறைமாதப் பிரசவம் போன்றவை கூடுகின்றனவா என்று சொல்ல 50 பேர் போதாது. கர்ப்பத்தில் அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

நான்கு மாதம் தினமும் ரிஃபாம்பிசின் என்பது இன்னொரு வழி. ரிஃபாம்பிசின் கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. சிக்கல் எச்ஐவி மருந்தோடுதான். கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடுவதால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு முறை 50 மில்லிகிராம் என்று கூட்ட வேண்டியிருக்கும். பிக்டெக்ராவிர் உள்ள மாத்திரையோடும், ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த மருந்துகளோடும், மாதக்கணக்கில் நிற்கும் கேபோடெக்ராவிர் ஊசியோடும் அது ஒத்துவராது. கடைசி வாரங்களில் ரிஃபாம்பிசின் சாப்பிட்டிருந்தால் ரத்தக்கசிவைத் தடுக்கத் தாய்க்கும் குழந்தைக்கும் விட்டமின் கே தேவைப்படலாம். பிரசவத்துக்குப் பின் அதைத் தொடங்கினால் கருத்தடை மாத்திரையும் கைக்குள் வைக்கும் கருத்தடைக் குச்சியும் சரியாக வேலை செய்யா. காப்பர் வளையம் போன்ற வேறு வழி வேண்டும். ஐசோனியசிட்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. நீளமான மருந்துதான், ஆனால் எச்ஐவி மருந்தைத் தொடாமல் போய்விடுகிறது.

குழந்தை பிறந்து 5 வாரம். கர்ப்பத்திலேயே தொடங்கிய ஐசோனியசிட் இன்னும் ஓடுகிறது. அம்மா ஊரிலிருந்து பிரசவ லேகியம் கொண்டுவந்திருக்கிறார், பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஜாமு என்ற மூலிகை மருந்து தருகிறார். சாப்பிடலாமா? – புக்கிட் பாத்தோக் வாசகி

ஐசோனியசிட் முடியும்வரை இரண்டும் வேண்டாம். பத்தியச் சமையல், பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் மூலிகைத் தூளும்தான் கவலை.

ஐசோனியசிட் கல்லீரலைத் தாக்கும் வாய்ப்பு கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களிலும் கூடுதல். முதல் கேள்வியில் சொன்ன 956 பேர் ஆய்வில் 6 தாய்மார் இறந்தார்கள், எல்லாருமே பிரசவத்துக்குப் பிறகு. அதில் நால்வர் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்கள். அந்த நால்வரில் இருவர் ஐசோனியசிட் சாப்பிட்டவர்கள், பிரிவுக்கு ஒருவர். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. எல்லாரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த வாரங்களில் தாயின் கல்லீரலை யாராவது பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? மருந்து தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்திருப்பார்கள். பிறகு மாதம் ஒரு முறை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற ரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். உடலில் அறிகுறியோடு அது இயல்பைவிட 3 மடங்கு ஏறினாலும், அறிகுறியே இல்லாமல் 5 மடங்கு ஏறினாலும் மருந்து நிற்க வேண்டும். கர்ப்பத்தில் ஏஎல்பி என்ற அளவு மட்டும் ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது.

திடீரென்று சோறு பிடிக்காமல் போவது, குமட்டல், வலப்பக்க மேல்வயிற்று வலி, தேத்தண்ணீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் வந்த மசக்கைக் குமட்டலை விட்டுவிடலாம். நின்றுபோன குமட்டல் ஏழாம் மாதத்தில் திரும்பினால் அது மசக்கை அல்ல. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. ஐசோனியசிட் மட்டும் சாப்பிடுகிறவருக்கு நிறம் மாறக் காரணமே இல்லை.

தையல் வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், ஆனால் நீங்களாகவே நாள்கணக்கில் தொடர வேண்டாம். மது அறவே கூடாது.

என் தங்கை கர்ப்பத்தில் ஐசோனியசிட் சாப்பிட்டாள். குழந்தைக்கு பிசிஜி போடலாமா? – பொங்கோல் வாசகி

தாய் சாப்பிட்ட தடுப்பு மருந்து அதற்குத் தடையில்லை. ஆனால் தாய்க்கு எச்ஐவி இருப்பதால், குழந்தைக்குத் தொற்றவில்லை என்று பரிசோதனைகள் காட்டும்வரை பிசிஜியைத் தள்ளி வைப்பார்கள். அது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. எச்ஐவி உள்ள தாய்க்கு இங்கே வழக்கமாகப் பால்மாவையே பரிந்துரைக்கிறார்கள், ஆகவே தாய்ப்பால் வழியாக ஐசோனியசிட் போகுமோ என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. தாய்ப்பால் கொடுப்பதென்று மருத்துவரோடு பேசி முடிவெடுத்தவர்களுக்கு: பாலில் போகும் மருந்து மிகக் குறைவு, குழந்தைக்கும் பி6 சேர்த்துக் கொடுப்பார்கள்.

இடையில் பத்து நாள் மாத்திரை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்தா? – பிடோக் வாசகி

வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அந்தப் பத்து நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டு ஈடுகட்டாதீர்கள். அதற்கு மேல் போயிருந்தால் தொடரும் முன் மருத்துவரைப் பாருங்கள். அவர் இருமல், காய்ச்சல் பற்றி மறுபடி கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார். எச்ஐவி மாத்திரையும் அந்தப் பத்து நாளில் விட்டுப்போயிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.